அண்ணன் தம்பி ஆட்டக்காரர்களை ஒப்பிடும் முறை

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் வரலாற்றில் மிக அதிகப் புள்ளிகள் சேர்த்த அண்ணன் தம்பி இணை எது? ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் ஒருவரையொருவர் மடக்குவதற்காகக் கேட்கும் கேள்வி இது. பலரும் சுவீடனின் செடின் இரட்டையரைச் சொல்வார்கள். விடை வேறு: வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய தம்பி பிரென்ட்டும். வெய்ன் 2,857 புள்ளிகள் எடுத்தார். பிரென்ட் 13 ஆட்டங்கள் ஆடி 4 புள்ளிகள் எடுத்தார். கூட்டினால் 2,861. செடின்கள் இருவரும் சேர்ந்து 2,111தான்.

கூட்டல் சரி. ஆனால் அந்தத் தொகையிலிருந்து வெய்னைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை, பிரென்ட்டைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. எனவே இந்த அத்தியாயத்தில் முதலில் பழக வேண்டியது, சகோதரர்களின் எண்களைக் கூட்டாமல் இருப்பது. கூட்டியே ஆக வேண்டுமென்றால் இருவரும் ஆடிய ஒரே பருவத்துக்குள் கூட்டுங்கள். 1999–2000 பருவத்தில் பாவெல் பூரே 58 கோல், தம்பி வலேரி 35 கோல், ஆக 93. அது கோல் அரிதாக விழுந்த காலம். அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தம் இருக்கிறது.

சகோதரர்களை ஒப்பிடும் ஆசை ஏன் வருகிறது என்பது எளிது. ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே ஊர்ப் பனி. மற்றதெல்லாம் சமம் என்றால் மிஞ்சும் வித்தியாசம் திறமைதானே என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நம் ஊரிலும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: ஒன்று 'அண்ணனைப் போல வருமா', இல்லையென்றால் 'மூத்தது மோழை, இளையது காளை'. கிரெட்ஸ்கி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில், வீட்டுக் கொல்லையில் அப்பா வால்டர் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த பனித்தரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் வெய்ன் 14 வயதில் ஆட்டத்துக்காக டொரன்டோவுக்குப் போனபோது பிரென்ட்டுக்கு 3 வயது. வெய்ன் என்.எச்.எல்.லில் முதல் ஆட்டம் ஆடியபோது தம்பிக்கு 7 வயது. பிரென்ட் வளர்ந்தது உலகமே அறிந்த ஒரு பெயரைச் சுமந்த வீட்டில். வெய்ன் வளர்ந்த வீட்டில் அந்தப் பெயர் இன்னும் உருவாகியிருக்கவில்லை. முகவரி ஒன்று, வீடு இரண்டு. வயது வித்தியாசத்தை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்ற எண்களுக்குப் போக வேண்டும்.

புதிதாகப் படிப்பவருக்கு ஓரிரு அடிப்படைகள். பக் எனப்படும் ரப்பர் வில்லையை வலைக்குள் அனுப்பியவருக்குக் கோல். அதற்குச் சற்று முன் பக்கைத் தொட்டுக்கொடுத்த சக ஆட்டக்காரர் இருவர் வரைக்கும் அசிஸ்ட். கோலும் அசிஸ்ட்டும் தலா ஒரு புள்ளி. பருவ ஆட்டங்களின் கணக்கும் அதன்பின் ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் கணக்கும் தனித்தனி. இவற்றைக் கலந்துவிட்டால் பலமான அணியில் இருந்த சகோதரருக்குச் சும்மா ஒரு பத்துக் கோல் கூடுதலாகக் கிடைத்துவிடும்.

ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்

இதற்கு சட்டர் குடும்பத்தைவிட நல்ல பயிற்சி கிடையாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வைக்கிங் என்ற சிறிய ஊர். அதை ஒட்டிய பண்ணையில் ஏழு ஆண் பிள்ளைகள். மூத்தவர் கேரி தொழில்முறை ஆட்டத்துக்கு வரவில்லை. மற்ற ஆறு பேரும், அதாவது பிரையன், டாரில், டுவேன், பிரென்ட், இரட்டையர் ரிச், ரான் என அனைவரும், 1976க்கும் 2001க்கும் இடையில் என்.எச்.எல்.லில் ஆடினார்கள். ஆறு பேரும் சேர்ந்து 4,994 ஆட்டங்கள், 1,320 கோல், 2,934 புள்ளிகள். இந்தத் தொகைகளை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாம் அதைப் பிரிப்போம்.

பிரென்ட் 1,111 ஆட்டங்களில் 363 கோல். பிரையன் 779 ஆட்டங்களில் 303. டாரில் 406 ஆட்டங்களில் 161. மொத்தக் கோலைப் பார்த்தால் டாரில் நான்காவது இடத்துக்குப் போய்விடுகிறார். 1,093 ஆட்டங்களில் 205 கோல் அடித்த ரான்கூட அவரை முந்துகிறார். இப்போது வகுத்துப் பாருங்கள். டாரிலுக்கு ஆட்டத்துக்கு 0.40 கோல். பிரையனுக்கு 0.39. பிரென்ட்டுக்கு 0.33. ரானுக்கு 0.19. ஆறு பேரில் முதலிடம், காயங்களால் 28 வயதில் ஆட்டத்தை விட்ட டாரிலுக்கு. முழுப் பருவம் ஆடிய முதல் ஆண்டிலேயே, 1980–81இல், அவர் 40 கோல் அடித்தவர்.

இங்கே பலர் தாளை மடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பாது. இரண்டு திருத்தங்கள் பாக்கி. முதலாவது, சீக்கிரம் முடிந்த ஆட்ட வாழ்வில் தேய்ந்துபோகும் ஆண்டுகள் இருக்காது. பிரென்ட் 35 வயதுவரை ஆடினார். அந்தப் பின்னாள் ஆட்டங்கள் அவருடைய சராசரியைக் கீழே இழுக்கின்றன. டாரிலுக்கு அந்தத் தண்டனை கிடைக்கவில்லை. ஆகவே இருவரையும் ஒரே வயதில் வெட்டி ஒப்பிட வேண்டும்: டாரிலின் முழுக் கணக்கையும், பிரென்ட் 28 வயது வரைக்கும் அடித்ததையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது, 80களின் தொடக்கத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுக் கோல் அளவுக்கு அடித்தன. 90களின் பிற்பகுதியில் அது ஐந்தரைக்கும் கீழே இறங்கியது. டாரில் ஆடியது முழுக்க முதல் காலத்தில். பிரென்ட்டும் ரானும் இரண்டையும் பார்த்தவர்கள். இத்தனைக்குப் பிறகும் டாரில் சிறந்த கோல்காரர் என்ற முடிவு எனக்கு மாறவில்லை. ஆனால் 0.40, 0.33 என்ற இடைவெளி தோன்றுகிற அளவுக்குப் பெரியதல்ல.

டுவேன் 731 ஆட்டங்களில் 139 கோல்தான். ஆனால் நியூயார்க் ஐலண்டர்ஸ் 1980 முதல் 1983 வரை தொடர்ந்து வென்ற நான்கு ஸ்டான்லி கோப்பைகளிலும் அவர் இருந்தார். பிரென்ட் அவற்றில் கடைசி இரண்டில். பிரையனும் டாரிலும் ஆட்டக்காரராக ஒரு கோப்பையும் வெல்லவில்லை. ஒருவர் செயின்ட் லூயிஸ் அணியிலும், மற்றவர் சிகாகோ அணியிலும் கடைசிவரை ஆடினார்கள். டாரில் கோப்பையைத் தொட்டது பயிற்சியாளராக, லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியோடு, 2012இலும் 2014இலும். கோப்பை அணிக்குக் கிடைப்பது. எந்த அணி ஒருவரை எடுத்தது என்பதில் அவருடைய கை மிகக் குறைவு. எனவே கோப்பைகளைத் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். ஆனால் அதை வைத்துத் தம்பியை அண்ணனுக்கு மேலே ஏற்றாதீர்கள்.

ஆடும் இடம்

ஸ்காட் நீடர்மேயர் 1,263 ஆட்டங்களில் 172 கோல். தம்பி ராப் 1,153 ஆட்டங்களில் 186 கோல். இதை மட்டும் பார்த்தவர் தம்பியைத் தேர்ந்தெடுப்பார். ஸ்காட் தடுப்பாட்டக்காரர், ராப் முன்கள ஆட்டக்காரர் என்பது பட்டியலில் ஒரே ஓர் எழுத்தாகத்தான் இருக்கும். அதைக் கவனித்துவிட்டு மொத்தப் புள்ளிகளைப் பாருங்கள்: ஸ்காட்டுக்கு 740, ராபுக்கு 469. பின்னால் நின்று எதிராளியைத் தடுப்பது வேலையாக இருந்தும் அண்ணன் இவ்வளவு புள்ளி எடுத்திருக்கிறார். 2003 இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள். ஏழு ஆட்டங்கள் போய் ஸ்காட்டின் நியூ ஜெர்சி வென்றது. 2005இல் ஸ்காட் தம்பி இருந்த அனஹைமுக்கு மாறினார். 2007இல் இருவரும் ஒன்றாகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

எஸ்பொசிட்டோ சகோதரர்களிடம் வந்தால் புள்ளியே பயன்படாது. ஃபில், முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர்: 1,282 ஆட்டங்கள், 717 கோல், 1,590 புள்ளிகள். தம்பி டோனி கோல்கீப்பர்: 886 ஆட்டங்கள், 423 வெற்றிகள், ஒரு கோலும் விடாத ஆட்டங்கள் 76. இந்த இரண்டு வரிகளுக்கும் பொதுவான அலகு எதுவும் இல்லை. நான் செய்வது இது: ஒவ்வொருவரும் தம் காலத்தில், தம் இடத்தில் ஆடியவர்களுள் எங்கே நின்றார் என்று பார்ப்பேன். ஃபில் ஐந்து முறை லீகின் அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் விருதைப் பெற்றார். டோனி முதல் முழுப் பருவமான 1969–70இல் ஒரு கோலும் விடாமல் 15 ஆட்டங்களை முடித்தார். மூன்று முறை வெசினா விருது.

வெசினாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1981 வரை அந்த விருது லீகிலேயே மிகக் குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துச் சிறந்த கோல்கீப்பரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. பழைய வெசினாவில் தடுப்பாட்டக்காரர்களின் பங்கும் இருக்கிறது. டோனியை எடைபோட அதைவிட நம்பகமானது, வாக்கெடுப்பில் தேர்வாகும் ஆல் ஸ்டார் அணி. அதன் முதல் அணியில் அவர் 1970, 1972, 1980 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்றார். ஃபில் 1969 முதல் 1974 வரை தொடர்ந்து ஆறு முறை. இந்த அளவுகோலில் அண்ணன் மேலே. ஆனால் முதல் அணியில் முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் இடையில் பத்தாண்டுகளைத் தாங்கிய தம்பியின் நீடிப்பு அண்ணனிடம் இல்லை. இதில் யார் பெரியவர் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இருவருக்கும் எது கைவந்தது என்று தெரிகிறது.

காலம்

ஒரு குடும்பத்துக்குள்ளேயே லீக் மாறிவிடும் என்பதற்கு மான்ட்ரியல் ரிச்சர்டுகளே சான்று. மாரிஸ் 1921இல் பிறந்தார், ஆன்ரி 1936இல். 'ராக்கெட்' என்று ஊரே கொண்டாடிய அண்ணன் ஆடத் தொடங்கிய நாட்களில் தம்பி நடை பழகிச் சில ஆண்டுகளே ஆன பிள்ளை. மாரிஸ் 978 ஆட்டங்களில் 544 கோல் அடித்து 1960இல் விலகினார். மொத்தப் புள்ளிகள் ஆயிரத்தைத் தொடவில்லை. ஆன்ரி 1975 வரை ஆடி 358 கோலும் 1,046 புள்ளிகளும் எடுத்தார். தம்பியின் புள்ளி அதிகம் என்பதைப் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்களைச் சந்திப்பீர்கள். அவர்களிடம் பருவத்தின் நீளத்தைக் கேளுங்கள். மாரிஸ் 1944–45இல் 50 கோல் அடித்தபோது ஒரு பருவத்துக்கே 50 ஆட்டங்கள்தான். ஆன்ரி வந்தபோது அது 70 ஆகியிருந்தது. 70களின் தொடக்கத்தில் 78.

மறுபக்கமும் உண்டு. 1944–45 போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். அந்த 50 கோலை அதனால் குறைத்து மதிப்பிடுவோர் அன்றே இருந்தார்கள். இதைச் சோதிக்கும் வழி, போர் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகான எண்ணைப் பார்ப்பது. 1945–46இல் மாரிஸ் 27 கோலுக்கு இறங்கினார். சந்தேகப்பட்டவர்கள் சரி என்றுதான் தோன்றும். அடுத்த பருவத்தில் 60 ஆட்டங்களில் 45 கோல். அந்த ஒரு வரி விவாதத்தை முடித்துவிடுகிறது. ஒரு பருவத்தை வைத்து யாரையும் உயர்த்தாதீர்கள், இறக்காதீர்கள் என்பதற்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

ஆன்ரியிடம் இருப்பது 11 ஸ்டான்லி கோப்பைகள். வேறு எந்த ஆட்டக்காரரிடமும் இத்தனை இல்லை. அவற்றில் ஐந்து, 1956 முதல் 1960 வரை, அண்ணனோடு சேர்ந்து வென்றவை. மீதி ஆறும் அண்ணன் விலகிய பிறகு. பிரபலமான அண்ணனின் நிழலில் ஒரு தம்பி எவ்வளவு நின்றார் என்று அறிய இப்படிப் பிரிப்பது நல்ல வழி: அண்ணன் இருந்த ஆண்டுகள் ஒரு பக்கம், இல்லாத ஆண்டுகள் மறுபக்கம். ஆன்ரி இரண்டாவது பக்கத்தில்தான் நெடுங்காலம் வாழ்ந்தார். 1966இல் கோப்பையை உறுதிசெய்த கோல் அவருடையது. 1971இலும் அப்படித்தான்.

அந்த 1971 பிளேஆஃப் பட்டியலைக் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடம் முழுவதும் அதிலேயே இருக்கிறது. பருவத்தில் 76 கோல் அடித்து லீகையே உலுக்கிய ஃபில் எஸ்பொசிட்டோவின் பாஸ்டனை முதல் சுற்றிலேயே மான்ட்ரியல் வெளியேற்றியது. வலையில் நின்றவர், பருவத்தில் வெறும் ஆறு ஆட்டங்களே ஆடியிருந்த கென் டிரைடன். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், மார்ச் 20 அன்று, பஃபலோ அணியின் வலையில் நின்ற அண்ணன் டேவுக்கு எதிர்வலையில் அவர் நின்றிருந்தார், என்.எச்.எல்.லில் இரு கோல்கீப்பர் சகோதரர்கள் நேருக்கு நேர் நின்றது அதுவே முதல்முறை. இறுதிப் போட்டியில் சிகாகோ பக்கம் பாபி ஹல், டென்னிஸ் ஹல், வலையில் டோனி எஸ்பொசிட்டோ. மான்ட்ரியல் பக்கம் ஃபிராங்க் மஹோவ்லிச், பீட் மஹோவ்லிச், ஆன்ரி ரிச்சர்டு. ஏழாவது ஆட்டத்தில் 0–2 என்று பின்தங்கிய மான்ட்ரியல் 3–2 என்று வென்றது. கடைசி இரண்டு கோலும் ஆன்ரி அடித்தவை. அந்த பிளேஆஃபில் ஃபிராங்க் 14 கோல், பீட் 10. பருவக் கணக்கில் இவ்விருவருக்கும் இடையிலான இடைவெளி பெரியது: ஃபிராங்குக்கு 533 கோல், பீட்டுக்கு 288. அந்த வசந்தத்தில் அது மிகவும் சுருங்கிவிட்டது.

டென்னிஸ் ஹல்லுக்காக ஒரு வார்த்தை. 959 ஆட்டங்களில் 303 கோல் அடித்தவர் எந்த அணிக்கும் பெருமை. அவரைச் சாதாரணமானவராகக் காட்டுவது அவருடைய எண் அல்ல, பக்கத்தில் வைக்கப்படும் எண்: அண்ணன் பாபிக்கு 1,063 ஆட்டங்களில் 610. அதுவும் முழுக் கணக்கல்ல. பாபி 1972இல் டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீகுக்குப் போனார். அங்கே அடித்த கோல் என்.எச்.எல். பட்டியலில் ஏறாது. அங்கே அவர் அடித்ததும் 303. தம்பியின் முழு ஆட்ட வாழ்வு அளவுக்கான கோல் அண்ணனின் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. வேறு லீகில் ஆடிய ஆண்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

அப்படி மறைந்த ஆண்டுகள் அதிகம் வலிப்பது ஸ்டாஸ்ட்னி குடும்பத்தில். செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவைச் சேர்ந்த பீட்டரும் அன்டனும் 1980 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்கு ஆடப் போன இடத்திலிருந்து கனடாவுக்குத் தப்பி கியூபெக் அணியில் சேர்ந்தார்கள். மூத்தவர் மரியானுக்கு மனைவி, மூன்று குழந்தைகள். அவர் ஊரிலேயே இருந்தார்; தம்பிகளுக்காக அவரை ஆடவிடாமல் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு அவரும் வந்து சேர்ந்தார். பட்டியல் சொல்வது: பீட்டர் 977 ஆட்டங்களில் 1,239 புள்ளிகள், அன்டன் 650இல் 636, மரியான் 322இல் 294. பட்டியல் சொல்லாதது: என்.எச்.எல்.லுக்கு வந்தபோது பீட்டருக்கு வயது 24, அன்டனுக்கு 21, மரியானுக்கு 28. தடையில் ஓர் ஆண்டு வீணான பிறகு, முதல் பருவத்திலேயே மரியான் 74 ஆட்டங்களில் 89 புள்ளிகள் எடுத்தார். மூவரில் யார் சிறந்தவர் என்றால் பீட்டர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே பருவத்தில் அவர் எடுத்தது 139. ஆனால் மரியானை மூன்றாவது இடத்தில் வைப்பவர், அவருடைய இளமையை பிராட்டிஸ்லாவா பட்டியலில் தேடிவிட்டு வரட்டும்.

இரட்டையர்

செடின்கள் 1980 செப்டம்பர் 26 அன்று பிறந்தவர்கள். 1999 டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டேனியல் இரண்டாவது, ஹென்ரிக் மூன்றாவது, இருவரையும் வான்கூவரே எடுத்தது. வயது, காலம், அணி, ஆடும் வரிசை எல்லாம் ஒன்று. ஹென்ரிக் 1,330 ஆட்டங்களில் 1,070, டேனியல் 1,306இல் 1,041. இருவருக்கும் ஆட்டத்துக்கு 0.80. ஆனால் ஹென்ரிக்குக்கு 240 கோல், 830 அசிஸ்ட். டேனியலுக்கு 393 கோல், 648 அசிஸ்ட். ஒருவர் கொடுப்பவர், ஒருவர் முடிப்பவர்.

இவர்களிடம் வேறொரு சிக்கல்: ஒருவருடைய எண் பாதி மற்றவருடையது. ஒருவர் இல்லாத ஆட்டங்களைத் தேட வேண்டும். 2009–10இல் டேனியல் காயத்தால் 63 ஆட்டங்களே ஆடினார், 85 புள்ளிகள். ஹென்ரிக் 82 ஆட்டங்களும் ஆடி 112 புள்ளிகளோடு ஆர்ட் ராஸை வென்றார். டேனியல் இல்லாத 19 ஆட்டங்களில் ஹென்ரிக் எத்தனை எடுத்தார் என்று தனியே எண்ணிப் பாருங்கள்; அந்த 112 மட்டும் அதைச் சொல்லாது. அடுத்த ஆண்டு 104 புள்ளிகளோடு ஆர்ட் ராஸ் டேனியலுக்கு. 2022இல் இருவரும் ஒன்றாகவே ஹாக்கி புகழரங்கில் நுழைந்தார்கள்.

இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களிடம் இந்த முறையைச் செய்து பார்க்க விரும்பினால் ஹியூஸ் சகோதரர்களை எடுங்கள். ஜாக் சென்டர், 2019 டிராஃப்டில் முதல் தேர்வு. அவரைத் தனித் தாளில் வையுங்கள். குவினும் லூக்கும் தடுப்பாட்டக்காரர்கள். இருவரும் மிஷிகன் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு வந்தவர்கள். எனவே இவர்களை ஒரே தாளில் எழுதலாம். குவின் 2018இல் ஏழாவது தேர்வு, லூக் 2021இல் நான்காவது. இதிலிருந்து லூக் மேல் என்று எழுதிவிடாதீர்கள். டிராஃப்டுக்கு வர அந்த ஆண்டு செப்டம்பர் 15க்குள் 18 நிரம்ப வேண்டும். அக்டோபரில் பிறந்த குவின் 18 வயது 8 மாதத்தில் தேர்வானார். செப்டம்பர் 9 அன்று பிறந்த லூக் 17 வயது 10 மாதத்தில். அந்த வயதில் பத்து மாதம் பெரிய வித்தியாசம். பருவங்களை ஆண்டை வைத்து அடுக்காமல் வயதை வைத்து அடுக்குங்கள். குவின் 92 புள்ளிகள் எடுத்துச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை வென்ற 2023–24 பருவம் அவருடைய 24 வயதுப் பருவம். அதற்கு எதிரே லூக்கின் நெடுவரிசையில் 2027–28 என்று எழுதி, கட்டத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.